ஒரு சுற்றுக்கு ஒரு சாண்

பாப்பா,

போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, வெச்சுட்றேன்" என்று வைத்துவிடுகிறாய். மீதிப் பாதியை இந்த மலை தின்றுவிடுகிறது. ஜமுனாமரத்தூரில் டவர் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவேன். நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, அதற்குள் உன் கைக்கு வந்துவிடும்.

இன்று காலை நீ போன் செய்தபோது நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் புதிதாக ஒரு பந்தயக் கார் கட்டுகிறார்கள், இப்போது நீ பார்க்கிற காரைவிட இரண்டு மடங்கு பலமான இன்ஜின், அதற்கு எந்த அளவு டயர் என்பதில் தொடங்கி எல்லாப் பொறுப்பையும் உன்னிடமே கொடுக்கிறோம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அடுத்த வார்த்தையே இப்படிச் சொன்னாய்: "வேணாம்னு சொல்லிடலாம்னு கீறேன்மா. இந்தக் கார்ல நான் தப்பா சொன்னா தோத்துப் போவோம், அவ்ளோதான். அதுல ஓட்றப்ப டயர் போச்சுன்னா உள்ள உக்காந்துகினு கீறவன் உசுரும்மா." நான் வாயைத் திறப்பதற்குள் டவர் போய்விட்டது. அப்போதிலிருந்து சொல்ல வந்ததெல்லாம் அப்படியே நிற்கிறது. உங்கப்பாவிடம் சொல்லலாம் என்றால் அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போளூருக்குப் போய்விட்டார். கோழிகளிடமா சொல்வேன்?

எனக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவு, காற்று, ரப்பர் என்று நீ ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியின் பின் டயரை என்னைப் போல் கிட்டத்தில் குந்திப் பார்த்தவள் இந்த மலையில் இன்னொருத்தி இருக்க மாட்டாள். கல்யாணமான புதிதில், ஜீப்பின் முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து போகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் கையில் ஒரு கட்டையைக் கொடுத்துப் பின்னால் ஏறச் சொன்னார். மலையிலிருந்து புளியும் சாமையும் போளூருக்கு இறங்கும். திரும்பும்போது அரிசி மூட்டை, சிமெண்ட் மூட்டை, அதன் மேல் ஆட்கள். அந்தப் பாரத்தோடு வளைவில் வண்டி திணறி நின்றுவிட்டால், பின்னால் உருள்வதற்குள் ஒரு ஆள் குதித்துப் பின் டயருக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். மற்ற ஜீப்புகளில் அதற்குக் கூலிக்கு ஆள் இருந்தான். நம் ஜீப்பில் நான் இருந்தேன். புளிய மரத்தில் உங்கப்பாவே செதுக்கிய கட்டை, ஒரு பக்கம் தடிமனாக, ஒரு பக்கம் சரிவாக இருக்கும். நீ வயிற்றில் இருந்தபோது மட்டும்தான் நான் அதைத் தொடவில்லை.

டயர் விஷயத்தில் உங்கப்பாவுக்கு இருந்த கிறுக்கு உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. இங்கே ஜீப் வைத்திருக்கிற ஆம்பிளைகளுக்கு டயர்தான் மீசை. எவன் வண்டி தரையிலிருந்து உயரமாக நிற்கிறதோ அவன்தான் ஆள். நீ ஆறாவதோ ஏழாவதோ படித்த வருஷம், ஆலங்காயத்தில் ஒரு பழைய டயர் கடையில் பெரிய வண்டியில் கழற்றிய டயர் நாலைப் பார்த்துவிட்டு வந்தார். சோறு இறங்கவில்லை. கடைசியில் வாங்கி மாட்டிக்கொண்டுதான் ஓய்ந்தார். மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். ஜீப் என்னவோ இரண்டு விரல்தான் உயர்ந்திருக்கும். உங்கப்பா இரண்டு அடி வளர்ந்த மாதிரி தெருவில் நடந்தார். எனக்குத்தான் பின்னால் ஏறுவதற்குக் கால் எட்டவில்லை.

மறுநாள் போளூரிலிருந்து பாரத்தோடு ஏறினோம். சந்தைக்கு வந்திருந்த சனமெல்லாம் வண்டியில். நீயும் எனக்குப் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாய். கீழ் ரோட்டில் வண்டி பறந்தது, உங்கப்பா விசில் அடித்துக்கொண்டே வந்தார். மேடு ஆரம்பித்ததும் விசில் நின்றுவிட்டது. முதல் கியரில் போட்டு முழுசாக மிதித்தாலும் இன்ஜின் முனகியதே தவிர வண்டி நகரவில்லை. வழக்கமாக ஏதாவது ஒரு வளைவில் இறங்குவேன். அன்றைக்கு வளைவுக்கு வளைவு குதித்தேன். அதில் ஒரு வளைவைப் பற்றி உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, கொஞ்சம் பொறு, சொல்கிறேன்.

வீடு வந்து சேர்ந்ததும் உங்கப்பா டீசலில் கலப்படம் என்றார். இல்லை, மெக்கானிக் ஏதோ செய்துவிட்டான் என்றார். நீ போய், கழற்றிப் போட்ட பழைய டயரை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தாய். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. டயரின் கோடு திரும்பத் தரையைத் தொடும்வரை ஒரு சுற்று உருட்டி, அங்கே இன்னொரு கோடு போட்டாய். அப்புறம் ஜீப்பின் புது டயரிலும் கோடு போட்டு, அதே இடத்திலிருந்து உங்கப்பாவை மெள்ள நகர்த்தச் சொன்னாய். மனுஷன் முணுமுணுத்துக்கொண்டேதான் நகர்த்தினார். புது டயர் பழைய கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. நீ என் கையை இழுத்து அந்த இடைவெளியில் விரித்து வைத்தாய். என் கைக்குச் சரியாக ஒரு சாண். "ஒரு சுத்துக்கு ஒரு சாண் அதிகமா போவுதுப்பா. கீழ ரோட்ல அது நல்லாத்தான் கீது. மேட்டுல அந்த சாணையும் உன் இன்ஜின்தான் இஸ்துகினு போவணும். அதுக்கு அவ்ளோ தெம்பு இல்லப்பா" என்றாய். உங்கப்பா வீம்புக்கு இன்னும் சில நாள் அதையே ஓட்டினார். அப்புறம் ஒருநாள் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பழைய டயரை மாட்டினார். அந்தப் பெரிய டயரில் ஒன்று இன்னும் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது, கோழி முட்டையிடுகிறது.

அன்றைக்கே எனக்குள் ஒரு கர்வம் வந்துவிட்டது பாப்பா. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. செங்கத்தில் சித்தி வீட்டில் தங்கி நீ பாலிடெக்னிக் படித்தபோது, மெக்கானிக்கல் பிரிவில் பொம்பளைப் பிள்ளை நீ ஒருத்திதான் என்று சித்தி குறைப்பட்டுக்கொண்டாள். நான் அதையே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் வாணியம்பாடித் தோல் வியாபாரக் குடும்பத்து இம்ரான் தம்பி, பந்தயக் கார் வைத்திருக்கிறார், அந்த ஷெட்டில் வேலை என்று நீ போனபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ரேஸ் என்றால் வளைத்து வளைத்து ஓட்டுவார்கள், முட்டிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். நீதான் சிரித்துவிட்டு, இது டிராக் ரேஸ், வளைவே கிடையாது, ரெண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் நேராக ஓடும், யார் முதலில் போகிறாரோ அவர் ஜெயித்தார் என்றாய். வளைவே இல்லை என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. வளைவுதானே எனக்குத் தெரிந்த எமன்.

போன தை மாதம் நீ கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாயே, அந்தப் பழைய விமான ஓடுபாதை, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலில் உன் காரைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. முன்னால் ரெண்டு டயரும் ஒல்லிக்குச்சி, பின்னால் ரெண்டும் குண்டு. இது இன்னாடி, பாதிக் கார் பட்டினி கிடந்ததா என்று கேட்டேன். தள்ளுகிற வேலை பின் டயருக்கு, முன் டயர் சும்மா கூட வருவதற்குத்தான், அதில் கனம் எதற்கு என்றாய். பின் டயரில் வரியே இல்லை, வழித்து எடுத்த பானை மாதிரி மழமழவென்று இருந்தது. நம் ஜீப் டயர் இப்படித் தேய்ந்தால் செக்போஸ்டில் பிடிப்பார்கள் என்றேன். நீ வேலையில் இருந்தாய், காதில் வாங்கவில்லை.

இம்ரான் தம்பி நல்ல பிள்ளை, அதில் சந்தேகமில்லை. என்னைப் பார்த்ததும் அம்மா சாப்ட்டீங்களா என்றுதான் கேட்டது. ஆனால் அதற்கும் உங்கப்பா வியாதி. எங்கிருந்தோ வரவழைத்து இருப்பதிலேயே உயரமான, அகலமான டயரை மாட்டி வைத்திருந்தது. எதிர்க்காரன் அதைத்தான் போட்டிருக்கிறான் என்று அதற்கு ஒரு நியாயம். நீ வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது, கேட்கவில்லை. முதல் ஓட்டத்தில் பச்சை விளக்கு எரிந்தது, எதிர்க் கார் பாய்ந்தது, நம் கார் கிளம்பும்போதே முனகியது. அந்த முனகல் எனக்குத் தெரியும் பாப்பா! மேடே இல்லாத இடத்தில் மேட்டில் மாட்டிய வண்டியின் முனகல். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம், டயர் பெரிசு என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அந்த ஓட்டம் கணக்கில் சேராது, நிஜப் பந்தயத்துக்கு இன்னொரு ஓட்டம்தான் பாக்கி. கார் திரும்பி வந்ததும் நீ நேராக இம்ரான் தம்பியிடம் போனாய். உன் முகத்தைப் பார்த்து நானும் பின்னால் வந்தேன். ஒரு அளவு சின்னது போடலாம் என்றாய். பிடிப்பு போய்விடும், நின்ற இடத்திலேயே சுற்றும் என்றது தம்பி. ரொம்பச் சின்னது போட்டால் சுற்றும்தான், கோட்டைத் தொடுவதற்கு முன்பே இன்ஜின் கத்தித் தீர்ந்தும் போகும், நான் அதைச் சொல்லவில்லை என்றாய். இந்தப் பெரிய டயரில் கடைசிக் கியர் போடாமலே பந்தயம் முடிந்துவிடுகிறது, பலத்தில் ஒரு பங்கு மிச்சமாகவே நிற்கிறது, ஒரு அளவு குறைத்தால் எல்லைக் கோட்டைத் தொடும்போதுதான் இன்ஜின் முழு மூச்சும் விட்டிருக்கும் என்றாய். விரலால் கார் மேல் தூசியில் கணக்குப் போட்டுக் காட்டினாய். தம்பி யோசித்தது.

"இவ்ளோ நம்பிக்கையா சொல்றீங்க. தோத்துட்டா?"

"தோத்துட்டா நாளிக்கி நான் ஷெட்டுக்கு வர்ல சார்."

அடிப்பாவி மகளே! அந்த வேலைக்காக நீ எத்தனை இடத்தில் ஏறி இறங்கினாய், பொம்பளைப் பிள்ளைக்கு ஷெட்டில் என்ன வேலை என்று எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் எனக்குத்தானே தெரியும். அதை ஒரு வார்த்தையில் தூக்கி டயர் மேல் வைத்துவிட்டாய். உன் முதுகில் ஒன்று வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. தம்பி தலையை ஆட்டியது. சக்கரம் மாறியது. பிடிப்பு வேண்டும் என்று நீ காற்றை வேறு இறக்கினாய். உங்கப்பா பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் ஊற்றிய இடத்தில் பின் டயரை நின்றபடியே சுற்றவிட்டார்கள், ஒரே புகை, நான் தீப்பிடித்துவிட்டது என்று கத்திவிட்டேன். ரப்பர் சூடாகி ஒட்டுவதற்கு அப்படிச் செய்வார்கள் என்று அந்த மேலும் கீழும் பார்த்த அம்மாதான் சொன்னார்.

புகை விலகியதும் உன்னைப் பார்த்தேன். காருக்குப் பின்னால், ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு முட்டி தரையில், ஒரு முட்டி மேலே, கண் பின் டயரில். பாப்பா, நான் கட்டை வைக்கும்போது அப்படித்தான் உட்காருவேன். யாரும் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நீ மூட்டை மேலிருந்து பார்த்ததுதான். என் கண் கலங்கிவிட்டது, அதனால் பச்சை விளக்கு எரிந்ததை நான் பார்க்கவேயில்லை. டயரின் பக்கவாட்டில் துணி கசங்குகிற மாதிரி ஒரு மடிப்பு விழுந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான், அடுத்த நொடி கார் அங்கே இல்லை. இந்தத் தடவை முனகல் இல்லை. எல்லோரும் எல்லைக் கோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நீ மட்டும் திரும்பவேயில்லை. கார் விட்டுப் போன கறுப்புத் தடத்தில் கையை வைத்துப் பார்த்தாய். ரெண்டு தடமும் ஒரே கறுப்பில் இருந்தது, ரெண்டு டயரும் சமமாகப் பிடித்திருக்கிறது. நீ எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாய். அதற்கப்புறம்தான் அந்தக் கோடியிலிருந்து நாம் ஜெயித்துவிட்டோம் என்ற சத்தம் வந்தது.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது போளூர் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னேன். மலைக்கு ஏறும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டார், அவரிடம் முதல் ஓட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். உங்கப்பா என்னைவிட மோசம். நீ காரோடு நிற்கிற போட்டோவை ஜீப்பில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். எவனாவது பெரிய டயர் போடப் போகிறேன் என்று வந்தால் நிறுத்தி வைத்து, தம்பி ஒரு சுத்துக்கு ஒரு சாண், இன்ஜினுக்குத் தெம்பு கீதா பாரு என்று பாடம் எடுக்கிறார். தானே கண்டுபிடித்த மாதிரி! போகட்டும்.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். சொல்லாமல் வைத்திருந்த அந்த வளைவைச் சொல்கிறேன். பெரிய டயர் போட்ட அன்றைக்கு, மேலே ஏறி வந்துகொண்டிருக்கும்போது ஒரு வளைவில் வண்டி நின்றது. குதித்துக் கட்டையை வைத்தேன். கட்டை பழைய டயருக்குச் செதுக்கியது. புது டயர் அதன் மேல் ஏற ஆரம்பித்தது. மேலே அத்தனை சனம், நீ மூட்டை மேல் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாய். பின்னால் பள்ளம். பக்கத்தில் கிடந்த கல்லைக் காலால் உதைத்து உள்ளே தள்ளினேன், டயர் அதில் போய் முட்டி நின்றது. உங்கப்பாவுக்கே வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும் என் கை நடுங்கியது, இன்றைக்கும் பாரத்தோடு ஏறும்போது நடுங்குகிறது. ஆனால் அந்த நடுக்கம் வந்த பிறகுதான் நான் வண்டி கிளம்புவதற்கு முன்பே கல் பொறுக்கி வைத்துக்கொள்ளப் பழகினேன். நீ பயப்படுகிறாய் என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பவன் உயிர் உன் நினைப்புக்கு வருகிறதே, அது வராத ஒருவன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். நீ வேண்டாம் என்றால் அவர்கள் காரை நிறுத்திவிடவா போகிறார்கள்? வேறு யாரையாவது வைத்துக்கொள்வார்கள். அவனுக்குப் பெரிய டயர் பிடிக்கலாம்.

அதனால் சரி என்று சொல். போனதும் அந்தக் காரை ஓட்டப் போகிற பிள்ளையோடு தினமும் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு. அவன் வீட்டில் யார் யார், அவனுக்கு என்ன குழம்பு பிடிக்கும் எல்லாம் தெரிந்துகொள். எங்கள் ஜீப்பில் ஏறிய அத்தனை பேர் வீடும் எனக்குத் தெரியும், அதனால்தான் என் கால் அவ்வளவு வேகமாகக் கல்லை உதைத்தது. காசு போடுகிறவர் ஆசைப்படுகிறார் என்று அளவைக் கூட்டாதே. என்றைக்காவது டயரைப் பார்த்து மனசுக்குச் சரியில்லை என்றால், எத்தனை பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தாலும், இன்னிக்கி ஓட வேணாம் என்று சொல். அந்த வாய் உனக்கு இருக்கிறது, இம்ரான் தம்பி முன்னால் என் காதால் கேட்டேன். அதைவிடப் பெரிய படிப்பு எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. அப்புறம், வேலை மும்முரத்தில் சாப்பிடாமல் கிடக்காதே, இப்போதே முன் டயர் மாதிரிதான் இருக்கிறாய்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பையும் வரும். சாமை, கொஞ்சம் தேன், இந்த வருஷத்துப் புளி. அடியில் பேப்பரில் சுற்றி ஒன்று கனமாக இருக்கும், பயந்துவிடாதே, நம் கட்டைதான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் உங்கப்பா வந்துவிட்டார், விஷயத்தைச் சொன்னேன். நேராகப் போய் ஜீப்பிலிருந்து கட்டையை எடுத்து வந்து, துடைத்து, சுற்றிக் கொடுத்தார். அவர்களிடம் இல்லாத கட்டையா, ரப்பரில் இரும்பில் எல்லாம் வைத்திருப்பார்கள், இதை அனுப்பினால் சிரிப்பார்கள் என்று நான் திட்டினேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும்மே. அவ வண்டிக்குப் பின்னால நம்மளுது ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.

நானே அதை வாங்கிப் பையின் அடியில் வைத்தேன். அவர் வேறு கட்டை செதுக்கும்வரை எனக்கு இங்கே கல்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் செய். டவர் கிடைக்கிற அந்த மேட்டில் போய் நின்றுகொண்டிருப்பேன்.

அம்மா